அழுகண்ணிச் சொட்டில் ஒரு மலை

இதை எழுத மூன்று வருஷமாகத் தயங்கினேன். தாளை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், கடைக்கு ஆள் வந்துவிடும், மடித்துக் கல்லாவில் போட்டுவிடுவேன். கடைக்கு ஆள் வந்ததெல்லாம் சாக்குதான். உண்மையில் இரண்டு பயம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், காமிரா சங்கதியை நான் எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்களோ என்பது ஒன்று. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. என் மனைவி சிவகாமி சொன்ன ஒரு வரி, வாய் மாறி வாய் மாறி ஊரைச் சுற்றி வேறொன்றாகத் திரும்பி வந்தது. அது அவளைப் படுத்திய பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். நான் எழுதுவதும் அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது?

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா காலத்திலேயே திருவனந்தபுரம் வந்து சாலை பஜாரில் பூஜைச் சாமான் கடை வைத்தோம். சந்தனம், குங்குமம், சாம்பிராணி, கற்பூரம், விளக்குத் திரி. இதற்கு நடுவில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பூஜைக்கு வரும் தும்பைப் பூவை ஒருநாள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு சின்னதுக்குள் இவ்வளவு வேலைப்பாட்டைப் படைத்தவன் செய்து வைத்திருக்கிறானே என்று தோன்றியது. அதைப் பெரிதாகப் பார்க்க ஆசைப்பட்டுப் பழைய காமிரா ஒன்றும், கிட்டத்தில் வைத்து எடுக்கிற மேக்ரோ லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் பூ, எறும்பு, பாசி என்று குனிந்தபடியே திரிவேன்.

இனி சிவகாமி சொன்ன வரி. நாலு வருஷத்துக்கு முன்பு குடும்பத்தோடு பொன்முடி போயிருந்தோம். சிவகாமிக்குக் கண் பவர் மைனஸ் பதினொன்று. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது நானா என் மச்சினனா என்று தெரியாது. ஆனால் கண்ணாடியைக் கழற்றி, நாலு விரல் தூரத்தில் வைத்துப் பார்த்தால், நமக்கெல்லாம் தெரியாதது அவளுக்குத் தெரியும். அந்த மாதிரிக் கண்ணுக்குக் கிட்டப் பார்வை இயற்கையிலேயே பூதக்கண்ணாடி போட்ட மாதிரி என்று கண் டாக்டரே சொல்லியிருக்கிறார். தெருவில் யாருக்கு ஊசியில் நூல் கோக்க வேண்டும் என்றாலும் இவளிடம்தான் வருவார்கள்.

அன்றைக்கு மேலே புல்வெளியில், ஈரப் பாறை ஓரம், ஒரு ரூபாய் நாணயம் அகலத்தில் சிவப்பாக ஒரு செடி. எங்கள் பஜார் நாட்டுமருந்துக் கடைகளில் அழுகண்ணி என்பார்கள். அதன் ஒவ்வொரு இலையிலும் மயிர் மயிராக நின்று, ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு சொட்டு மின்னும். பசை போன்ற சொட்டு, வெயில் ஏறினாலும் காயாது. கொசு உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும், செடி அதைத் தின்றுவிடும். சைவக்காரர்களான எங்களுக்கு அது கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் படைத்தவன் கணக்கில் நாம் தலையிட முடியுமா? சிவகாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதன் மேல் மூக்கு இடிக்கக் குனிந்தாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்து, "இந்தச் சொட்டுக்குள்ள மலை தலைகீழா நிக்கு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய தம்பி முத்து, சாலை பஜாரிலேயே பாத்திரக் கடை வைத்திருப்பவன், வாய்க்குப் பூட்டு இல்லாதவன். "கண்ணாடியக் கழட்டினதும் அக்காவுக்கு ஞானக்கண் தொறந்துட்டு" என்றான். அதோடு விட்டானா? "அக்காவுக்குப் பொன்முடியில் தரிசனம்" என்று சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் விளையாட்டாகப் போட்டும் விட்டான். அம்பாசமுத்திரம் போய்ச் சேர்வதற்குள் அது, சிவகாமிக்கு மலையில் சாமி காட்சி கொடுத்தது என்று ஆகிவிட்டது. ஒருத்தர் எலுமிச்சம்பழமும் ஜாதகமுமாக வீடு தேடி வந்து, மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று இவளைக் கேட்டார். இன்னொரு பக்கம், அவளுக்குச் சித்தம் சரியில்லை என்று பேச்சு. கேலியைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். மற்றதைத் தாங்கவில்லை.

"சாமி பேரைச் சொல்லி நான் பொய் சொன்ன மாதிரி ஆயிட்டுல்லா" என்பாள். அன்றிலிருந்து சொந்தத்தில் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. நாலு பேர் குசுகுசுவென்று பேசினால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எழுந்து வந்துவிடுவாள்.

அடுத்த வருஷம் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு வந்தது. விஜயதசமி கழிந்த வெள்ளிக்கிழமை, அம்பாசமுத்திரத்தில். நான் தாய்மாமன். தாய்மாமன் வீட்டு வளையலை அத்தைக்காரி கையால்தான் போட வேண்டும். சிவகாமியோ, வளையல், சாதம் எல்லாம் கட்டித் தருகிறேன், நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது மெய்தான் என்று காட்ட எனக்கு ஒரே வழி, அந்தச் சொட்டைப் படம் பிடிப்பது.

ஓணம் லீவில் ஒருதடவை போய் எடுத்தும் பார்த்தேன். மேக்ரோ லென்ஸ் எவ்வளவு கிட்டப் போகுமோ அவ்வளவும் போயாகிவிட்டது. சொட்டு, குண்டூசித் தலையில் பட்ட வெளிச்சம் போல ஒரு புள்ளியாகத்தான் விழுந்தது. உள்ளே மலையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சிவகாமி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

எங்கள் கடை வாடிக்கைக்காரர் சசி சார். பாங்கில் வேலை, லீவு கிடைத்தால் காட்டில் பறவை எடுக்கப் போய்விடுவார். அவரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் பையிலிருந்து கறுப்பாக, நம் குங்குமச் சிமிழை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். டெலிகன்வர்ட்டர். காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுவது. பறவைக்காரர்கள் தூரத்துப் பறவையைக் கிட்டக் கொண்டுவர வைத்திருப்பது. அதையே மேக்ரோ லென்ஸோடு மாட்டினால், நின்ற இடத்தில் நின்றபடியே, விழுகிற உருவம் இரண்டு மடங்காகும் என்றார். இன்னும் கிட்டப் போக வேண்டியதில்லை, செடியின் மேல் நிழல் விழாது. எல்லா லென்ஸுக்கும் இது சேராது, இதன் முன்கண்ணாடி துருத்திக்கொண்டிருப்பதால் சில லென்ஸின் பின்கண்ணாடியில் இடித்துவிடும் என்று, என் லென்ஸைத் திருப்பிப் பார்த்து இடம் இருக்கிறது என்று உறுதி சொன்னார்.

"பின்னே அண்ணாச்சி, வெளிச்சம் கொறயும், கேட்டோ. நாலில் ஒரு பங்குதான் உள்ளே கிட்டும். கை ஆடினா அதுவும் ரெட்டியா ஆடும். பதுக்கெ, மெதுவா செய்யணும்."

எனக்கு அது உடனே விளங்கியது. ஒரே கரண்டி மாவுதான். தோசையைப் பெரிதாக இழுத்தால் மெலிசாகும், மாவில் கட்டி இருந்தால் அதுவும் பெரிதாகத் தெரியும்.

சார் இதைத் தந்தது துர்காஷ்டமி அன்று மத்தியானம். சாயங்காலம் பூஜைவைப்பு. எங்கள் பூர்வீக ஊர் ஆயுதபூஜைக்கும் இங்கே நடப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே அஷ்டமி சாயங்காலமே புத்தகத்தையும் தொழில் கருவிகளையும் சாமி முன் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜையிலிருந்து எடுக்கும் வரை எதையும் தொடக்கூடாது. கடைத் தராசு, கத்திரிக்கோல், சிவகாமியின் தையல் மெஷின், என் காமிரா, சார் தந்த கன்வர்ட்டர் எல்லாம் வரிசையாக ஏறின. நான் குளித்துவிட்டு வந்து எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஆக, கன்வர்ட்டரை ஒருதடவைகூட மாட்டிப் பார்க்காமலே கிளம்ப வேண்டியதாயிற்று. பூஜையிலிருந்து எடுத்ததும் முதல் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே துள்ளல்.

விஜயதசமி, விடியற்காலை. விளக்கேற்றி, கும்பிட்டு, கருவிகளை எடுத்தோம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் வந்தபோது இன்னும் வெளுக்கவில்லை. லாட்ஜ் வாசல்களில் பால் பாக்கெட் இறங்கிக்கொண்டிருந்தது. சிவகாமியைக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. செடி இந்த வருஷம் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று மூன்றுதரம் கேட்டாள். அவள் கேட்டது செடியைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும்.

ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு முத்து நின்றான். நான் கூப்பிடவில்லை. "சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்லா அத்தான்" என்று பஸ்ஸில் எங்களுக்கு முன்னாலேயே ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

பொன்முடி அறுபது கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழி. நேரடி பஸ் கொஞ்சம்தான், விட்டால் விதுரையில் காத்துக் கிடக்க வேண்டும். கண்டக்டர் சீட்டுக் கிழித்தபடி, மேலே நேற்று முழுக்க மஞ்சு, அதாவது மூடுபனி, மூடிக் கிடந்தது, ஒன்றும் காணாது என்று சொல்லிவிட்டுப் போனார். மலை தெரிந்தால்தானே சொட்டுக்குள்ளும் தெரியும்.

நெடுமங்காட்டில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு குழந்தையோடு தாயும் தகப்பனும் ஏறினார்கள். விதுரைப் பக்கம் கோயிலில் எழுத்துக்கு இருத்தப் போகிறார்களாம். விஜயதசமி காலையில் இங்கே குழந்தைகளுக்கு அரிசியில் முதல் எழுத்து எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் குழந்தை என் மடியில் இருந்த காமிராப் பையை உரிமையோடு திறக்கப் பார்த்தது. முத்து அதனிடம், மாமனுக்கும் இன்றைக்குத்தான் எழுத்து ஆரம்பம் என்று மலையாளத்தில் சொல்ல, பஸ்ஸே பின்சீட்டு வரை சிரித்தது.

கல்லாற்றில் பஸ் நின்றபோது ஏழரை தாண்டியிருந்தது. பாலத்துக்குக் கீழே ஆறு உருண்டைக் கல்லின் மேல் தெளிவாக ஓடியது. இங்கிருந்து ஏற்றம். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுக்கும் கல்லில் எண் போட்டிருக்கும். பாதி ஏறியதும் தேயிலை, எஸ்டேட் தொழிலாளர் லயன்கள், கொடியில் காயும் துணி, பிறகு எல்லாமே வெள்ளை. வளைவு எண்கூடத் தெரியாத அளவு மூடல். சிவகாமி கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்து மாட்டினாள். நான் வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

எட்டரை சுமாருக்கு மேலே இறங்கினோம். காற்று முகத்தில் அறைந்தது. டீக்கடைக்குப் பக்கத்துச் சரிவில்தான் அந்தப் பாறை. நாங்கள் ஓட்டமும் நடையுமாகப் போனோம். செடி இருந்தது. ஒன்றல்ல, ஏழெட்டு. ஈரப் பாசியின் மேல் சிவப்புச் சிவப்பாக, சொட்டுச் சொட்டாக. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிவகாமி மட்டும் குனியவில்லை. முந்தானையைப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்றாள்.

பாறைக்கு வெளியே ரெக்ஸின் விரித்துக் குப்புறப் படுத்தேன். காமிராவுக்கு அடியில் வைக்கச் சிவகாமி ஒரு துணிப்பை தைத்திருந்தாள், உள்ளே ஒரு கிலோ பாசிப்பயறு. அதில் காமிராவை அழுத்தினால் அசையாமல் உட்காரும். முத்து அதைத் தட்டிப் பார்த்து, "வேலை முடிஞ்சதும் சுண்டலுக்கு ஆச்சு" என்றான்.

கன்வர்ட்டரை லென்ஸில் மாட்டினேன், காமிராவில் பொருத்தினேன். பொத்தானை அழுத்தினேன். படம் வரவில்லை. திரையில் இங்கிலீஷில் நாலு வரி வந்தது. கழற்றி மாட்டினேன், மறுபடி அதே நாலு வரி. லென்ஸை மட்டும் மாட்டினால் வேலை செய்கிறது, கன்வர்ட்டரைச் சேர்த்தால் நின்றுவிடுகிறது.

பூஜையிலிருந்து எடுத்த அன்றைக்கே, முதல் காரியமே தடங்கலா? இரவல் பொருளைப் பூஜையில் வைத்தது தப்பா? இவளை வற்புறுத்திக் கூட்டி வந்தது சாமிக்கே பிடிக்கவில்லையோ? வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

சிவகாமி அங்கிருந்தே, "சாமிக்கு வேற சோலி இல்லாம உங்க காமிராவுக்குள்ள வந்து உக்காருதாக்கும். அழுக்கா இருக்கும், கழட்டிப் பாருங்க" என்றாள்.

முத்து திரையை எழுத்துக்கூட்டிப் படித்தான். லென்ஸோடு பேச முடியவில்லை, இணைப்பைச் சுத்தம் செய்யவும் என்று போட்டிருந்ததாம். கன்வர்ட்டரைக் கழற்றித் திருப்பினோம். பின்பக்கம், வட்டத்தின் உள் ஓரமாகத் தங்கப் புள்ளிகள் ஒரு வரிசை உண்டு. அது வழியாகத்தான் காமிராவும் லென்ஸும் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும். அந்த வரிசை முழுக்கக் காய்ந்து கெட்டிப்பட்ட சந்தனம். நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

நான் வைத்ததுதான். மற்ற இடமெல்லாம் கறுப்பாகச் சொரசொரவென்று இருந்தது, பொட்டு வைக்க வாகாக மங்களகரமாக ஒரு தங்க வரிசை தெரிந்தது, அங்கே வைத்துவிட்டேன். என் கடைச் சந்தனம் வேறு, மட்டமான சரக்கு இல்லையே, நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

முத்து பாறையில் உட்கார்ந்து சிரித்தான். "அத்தான், லென்ஸ் நெத்தியில பொட்டு வச்சா பரவால்ல, நீங்க வாயில வச்சு அடச்சிட்டிய. பொறவு அது எப்படிப் பேசும்?" சிவகாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பேச்சு கிளம்பியதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தண்ணீர் தொட்டுத் துடைக்கப் போனவனைச் சிவகாமிதான் தடுத்தாள், உள்ளே இறங்கிவிட்டால் சாருக்கு என்ன பதில் சொல்வது என்று. தலைகீழாகப் பிடித்து, உலர்ந்த துணியால் பொருக்கை உதிர்த்தோம். கறை போகவில்லை. டீக்கடைக்காரர் காதில் ஒரு பென்சில் செருகியிருந்தார், நுனியில் ரப்பர் வைத்தது. அதை வாங்கி, ஒவ்வொரு புள்ளியாக மெதுவாகத் தேய்த்தேன். அவர் டீ ஆற்றிக்கொண்டே, காமிராவை ரப்பர் போட்டு அழிக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன் என்றார். தூளை ஊதிவிட்டு மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். திரையில் சிவப்பாகச் செடி வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன், யாரை என்று யோசிக்கவில்லை.

அடடா, அதை எப்படிச் சொல்வேன். ஓணத்தின்போது பார்த்த அதே இலைதான், அதே தூரம்தான். ஆனால் இப்போது ஒரே ஒரு இலையின் ஓரம் திரை முழுக்க. ஒவ்வொரு மயிரும் கண்ணாடிக் கம்பி, நுனியில் பட்டாணி அளவுக்குச் சொட்டு. ஒரு பொடிக் கொசுவின் கால் ஒட்டியிருந்தது, அதில் இருக்கும் ரோமத்தை எண்ணலாம். இருட்டாகத்தான் இருந்தது, சார் சொன்னபடி வெளிச்சம் குறைந்துபோயிருந்தது. நான் மூச்சு விட்டால் செடி பூகம்பம் வந்தது போல ஆடியது. ஆனாலும் நான் எங்கேயும் முன்னால் போகவில்லை, செடியைத் தொடவில்லை, பாசியை மிதிக்கவில்லை. தள்ளி நின்றே கிட்டப் போய்விட்டேன்.

சொட்டுக்குள் மட்டும் வெறும் வெள்ளை. மலை மஞ்சுக்குள் இருந்தது.

காத்திருந்தோம். சிவகாமி கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டோம். சுற்றுலா வண்டிகள் வந்து, போட்டோ எடுத்துப் போயின. என்ன தேடுகிறீர்கள், மோதிரம் விழுந்துவிட்டதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பதினோரு மணிவாக்கில் காற்றுத் திசை மாறியது. யாரோ திரையை இழுத்தது போல எதிர்மலை முழுசாக வெளிவந்தது, பச்சையாக, மேலே நீல வானத்தோடு. நான் பாய்ந்து படுத்தேன்.

மலை செடிக்கு நேர் பின்னால். சொட்டின் மேல் கூர்மையை, அதாவது ஃபோகஸை, வைத்தேன். சொட்டின் விளிம்பு கத்தி போல வந்தது. உள்ளே மங்கல் பச்சை, மங்கல் நீலம். மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இன்னும் முன்னால் நகர்ந்தேன், உள்ளேதானே இருக்கிறது என்று. அதுவும் கலங்கியது. முத்து என் தோளுக்கு மேல் திரையை எட்டிப் பார்த்தான். மஞ்சு பள்ளத்தில் மறுபடி திரண்டுகொண்டிருந்தது.

அப்போது சிவகாமி வந்தாள். கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப்பையில் செருகினாள். பாறை ஓரமாக முழங்கால் போட்டு, பக்கத்துச் செடியில் மூக்கை வைத்தாள். தலையைக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் அசைத்தாள்.

"ரொம்ப உள்ள போவாதிய. சொட்டுக்குள்ள தேடினா கெடைக்காது. மலை சொட்டுக்கு முன்னால நிக்கு. பின்னால வாங்க. ஒரு நூல் பின்னால வாங்க."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் பயற்றுப் பையை அழுத்தி, காமிராவை ஒரு நூலளவு பின்னுக்கு இழுத்தேன். சொட்டின் விளிம்பு கரைந்தது. கரைந்த அதே நொடியில், நடுவில், மலை வந்தது. தலைகீழாக. மேலே பச்சைச் சரிவு, கீழே நீல வானம், சரிவில் ஏறும் மேட்டுப் பாதை ஒரு கீறலாக. பக்கத்துச் சொட்டில் இன்னொரு மலை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு இலையில் எத்தனை சொட்டோ அத்தனை பொன்முடி.

இரண்டு வினாடி டைமர் வைத்து எடுத்தேன். எடுத்தேன், எடுத்தேன், மஞ்சு மூடும் வரை எடுத்தேன்.

முத்து திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான். சின்னதாக்கிப் பார்த்தான். காமிராவைத் தலைகீழாகத் திருப்பி, எதிர்மலை இருந்த திக்கைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். "அந்தப் பாதை கூடத் தெரியுதே அக்கா" என்று மட்டும் சொன்னான். சிவகாமி என் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரையை வெகுநேரம் பார்த்தாள். "நான் பாத்ததுல இத்தன தெளிவு இல்ல" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

இங்கே படம் எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிதாக்கினால், கூர்மை ஒரு தாள் தடிமன்தான் இருக்கும். மலை தெளிந்தால் சொட்டின் விளிம்பு கரையும், விளிம்பு தெளிந்தால் இலை மயிர் கரையும். எல்லாம் ஒரே படத்தில் வராது. இதைக் குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருவனந்தபுரம் கோட்டைக்குள் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளை ஒரே பார்வையில் யாரும் பார்த்ததில்லை. மூன்று வாசல் வழியாக, திருமுகம் ஒன்றில், நாபி ஒன்றில், பாதம் ஒன்றில் என்றுதான் கும்பிடுகிறோம். அதனால் பெருமாளுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. நானும் மூன்று படமாக எடுத்தேன். மலை ஒன்று, சொட்டு ஒன்று, இலை ஒன்று. கம்ப்யூட்டரில் மூன்றையும் ஒட்டி ஒன்றாக்கலாம் என்று சசி சார் பிறகு சொன்னார். வேண்டாம் சார் என்றுவிட்டேன்.

மத்தியான பஸ்ஸில் இறங்கினோம். கல்லாற்றுக்கு வந்ததும் போனில் சிக்னல் வந்தது. காமிராவிலிருந்து முத்துவின் போனுக்குப் படத்தை ஏற்றியிருந்தோம். குழுவில் போடுகிறேன் அக்கா என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். சிவகாமி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பொன்முடி அதிசயம், சொட்டுக்குள் உலகம் காட்டிய சிவகாமி அக்கா என்று ஆரம்பித்து, கும்பிடு பொம்மை நாலு வைத்திருந்தான்.

"அழி" என்றாள்.

அழித்தான். "பொறவு என்னதான் போடச் சொல்லுத?"

"சொட்டுல மலை தலைகீழா தெரிஞ்சுதுன்னு போடு. அவ்வளவுதான். அதிசயம்னும் போடாத, சாமின்னும் போடாத. சாமி எங்க வேணும்னாலும் இருப்பாரு, அது உனக்கும் எனக்கும் தெரியும். நான் பாத்தது மலை."

அவன் அப்படியே போட்டான். ஒரு எழுத்துக் கூட்டவில்லை. நெடுமங்காடு வருவதற்குள், அம்பாசமுத்திரத்திலிருந்து என் தங்கை கேட்டிருந்தாள்: மதினி வெள்ளிக்கிழமை எத்தனை மணி வண்டியில் வருகிறாள்? சிவகாமி ஜன்னல் பக்கம் திரும்பி, எந்த வளையல் கடை திறந்திருக்கும் என்று என்னைக் கேட்டாள்.

தம்பானூரில் இறங்கியபோது விளக்குப் போட்டாகிவிட்டது. பஸ் புகையும் ஆட்டோக்காரர் சத்தமுமாக நம் ஊர். ஸ்டாண்டுக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் வேட்டி நனையாமல் ஒதுங்குவேன். அன்றைக்கு மூன்று பேருமே ஒரு நிமிஷம் அண்ணாந்து நின்றோம். அதற்குள்ளும் தம்பானூர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டுதான் இருக்கும், பார்க்க நமக்குத்தான் நாலு விரல் தூரம் போதவில்லை.

வெள்ளிக்கிழமை அவள்தான் முதல் வளையல் போட்டாள். கூடத்தில் நாலு பேர் குசுகுசுவென்று பேசினார்கள். இவள் எழுந்து வரவில்லை, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வளையலை எடுத்தாள். தங்கை மகளுக்குப் பிறந்த பிள்ளை இப்போது ஓடுகிறது. மூன்று படமும் என் கடையில் சாமி படங்களுக்குக் கீழே, தனியாக மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் கேட்டால் அவள் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்பதும் அதுதான். பிடித்திருந்தால் நாலு பேருக்கு அனுப்புங்கள், கன்வர்ட்டர் மாட்டுகிற யாருக்காவது உதவும். ஆனால் இருக்கிறபடியே அனுப்புங்கள். நான் சந்தனம் வைத்ததையும் எடுத்துவிட வேண்டாம், என்னை வல்லவனாகவும் ஆக்க வேண்டாம். சிவகாமிக்குச் சாமி காட்சி கொடுத்தது என்று மட்டும் யாரும் சேர்த்துவிடாதீர்கள். அவள் பார்த்தது மலை. அது தலைகீழாக நின்றது.